வடக்கின் சனத்தொகையும் நாமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா மேடையில் சனத்தொகையைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். எம்மில் பலர் விமானம் ஏறி வந்தவர்கள். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று எங்கும் எமது சங்கத்துக்குக் கிளைகள் உண்டு. தாய்ச்சங்கக் கூட்டத்தைவிட ரொறன்ரோ ஒன்றுகூடலுக்குக் கூட்டம் அதிகம் என்று நாமே பகிடியாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பகிடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை இன்று சேர்ந்து பார்ப்போம்.

சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1921ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இலங்கை முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் 45 இலட்சம் பேர். இன்று 2 கோடி 17 இலட்சம். இந்த வளர்ச்சிக்குக் காரணம் பிறப்பு கூடியது அல்ல, இறப்பு குறைந்ததுதான். 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. எமது பாட்டிமார் எட்டுப் பெற்று ஐந்தை வளர்த்தோம் என்று சாதாரணமாகச் சொன்னது இதைத்தான். மலேரியாவுக்கு எதிராக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, வைத்தியசாலைகளும் தாய் சேய் நிலையங்களும் பெருகின, மருத்துவமாது வீடு தேடி வந்தார். 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே 14 ஆக இறங்கியது. இன்று குழந்தை இறப்பு ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு.

பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியபின் குடும்பங்கள் சிறுத்தன. அதில் பெண்கள் பாடசாலைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1946இல் பெண்கள் மணம் முடித்த சராசரி வயது சுமார் 21. 1981இல் அது 24ஐத் தாண்டிவிட்டது. இடையில் இலவசக் கல்வி பரவியது. 1953இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்துக்கும் அதிகமான பிள்ளைகள். 2016ஆம் ஆண்டின் சுகாதார ஆய்வில் 2.2. இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் நினைக்கப்பட வேண்டியவர் வைத்தியர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, இங்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்தவர். 1930இல் லங்கா மகிளா சமித்தியை நிறுவி, 1937இல் நாட்டின் முதலாவது குடும்பத்திட்ட நிலையத்தையும் தொடக்கி வைத்தார். கனடாவிலிருந்து இலங்கைக்கு வைத்தியர் வந்த காலமும் ஒன்று இருந்தது என்பதை ரொறன்ரோச் சகோதரிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி வடக்குக்கு வருவோம். 1946இல் வடமாகாணத்தில் 4 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1981இல் 11 இலட்சத்து 9 ஆயிரம். முப்பத்தைந்து ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல். அதன்பின் எண்ணிக்கை எடுக்கவே முடியாத காலம் வந்தது. 1991இல் நாட்டில் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001இல் வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் அது முழுமை பெறவில்லை. 2012இல்தான் மீண்டும் எல்லோரும் எண்ணப்பட்டோம். அப்போது வடமாகாணத்தில் இருந்தவர்கள் 1,061,315 பேர். முப்பத்தொரு ஆண்டுகளின் பின், இருந்ததைவிடக் குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்தை மட்டும், இன்றைய எல்லைப்படி பார்த்தால், 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் 5 இலட்சத்து 83 ஆயிரமாகியிருந்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு இல்லை. 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் மாகாணத்தின் தொகை 1981ஐச் சற்றே தாண்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு மீண்டும் வர எமக்கு 43 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

முழு நாடும் வளர்ந்த வேகத்தில் வடக்கும் வளர்ந்திருந்தால், 2012இல் இங்கே 15 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். வித்தியாசம் சுமார் 4 இலட்சத்து 60 ஆயிரம். இந்தத் தொகையைக் கேட்டதும் எமக்கு நினைவு வருவது வெளிநாடு சென்றவர்கள். ஆனால் அதற்குள் போரில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்து முகாம்களுக்கும் கொழும்புக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலேயே தங்க நேர்ந்த வடபுல முஸ்லிம் மக்கள் இருக்கிறார்கள். பிறந்திருக்க வேண்டிய, பிறவாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே கழித்தல் கணக்கில் இத்தனை விதமான இழப்பு.

இடம்பெயர்வது எமக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எமது பாட்டன்மார் மலாயாவுக்கு ரயில்வே வேலைக்கும் எழுதுவினைஞர் வேலைக்கும் போனார்கள். போனவர்களில் பலர் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். கொழும்பில் வேலை பார்த்தவர்கள் விடுமுறைக்கு யாழ்தேவியில் வந்து இறங்கினார்கள். ஆள் போனாலும் வீடு திறந்தே இருந்தது, அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள். 1983க்குப் பின் நடந்தது வேறு. முதலில் இளைஞர்கள், பிறகு அவர்களை மணக்கப் போன பெண்கள், பிறகு முழுக் குடும்பங்கள். தீவகத்திலும் வலிகாமத்திலும் இன்றும் பூட்டிய வீடுகளை ஒழுங்கைக்கு ஒழுங்கை காணலாம்.

எங்கள் வகுப்பினர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அடுத்த ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது வகுப்பில் பல கதிரைகள் வெறுமையாக இருந்தன. சிலர் வன்னிக்கு, சிலர் கொழும்புக்கு, அங்கிருந்து உலகமெங்கும். இன்று இந்த மண்டபத்தில் அந்தக் கதிரைகளில் சில நிரம்பியிருக்கின்றன. அதற்காக மகிழ்கிறோம்.

போர் முடிந்தபின் இந்த ஓட்டம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தோம். நிற்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதிலுமிருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே ஆண்டில் வேலைக்காகப் பதிவுசெய்து வெளிநாடு சென்றார்கள். வைத்தியர்களும் தாதியரும் ஆசிரியர்களும் தனிவழிகளில் போனார்கள். முன்பு உயிருக்குப் பயந்து போனோம். இப்போது சம்பளத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போகிறோம். போவது பிழை என்று சொல்வதற்கு இங்கு யாருக்கும் உரிமையில்லை. போனவர்கள் அனுப்பிய காசில்தான் இந்தப் பாடசாலையின் கூரையும் நிற்கிறது.

அதே நேரத்தில் பிறப்பும் குறைந்துவிட்டது. 2019இல் நாட்டில் பதிவான பிறப்புகள் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம். 2023இல் இரண்டரை இலட்சத்தையும் எட்டவில்லை. பாலர் வகுப்புகளில் இதைக் கண்ணாலேயே காண்கிறோம்.

இந்த இடத்தில்தான் ஒரு குரல் இப்போது அடிக்கடி கேட்கிறது: தமிழ்ப் பெண்கள் கூடுதலாகப் பிள்ளை பெறவேண்டும் என்று. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன, 2015இல் 7 ஆயின, 2024இல் 6. இந்த இறக்கம் எல்லோரையும் போல எம்மையும் கவலைப்படுத்துகிறது. ஆனால் ஆசனங்கள் பிறப்புப் பதிவைப் பார்த்துப் பங்கிடப்படுவதில்லை. வாக்காளர் இடாப்பைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. இன்று பிறக்கும் பிள்ளை அந்த இடாப்பில் ஏறப் பதினெட்டு ஆண்டுகள் வேண்டும். அதற்குள் அந்தப் பிள்ளையும் கடவுச்சீட்டு எடுத்துவிட்டால் கணக்கு மாறப்போவதில்லை. வடக்கைக் குறைத்தது தாய்மாரின் கருப்பை அல்ல, போரும் இடப்பெயர்வும். நோய் ஓரிடம், மருந்து வேறோரிடம் என்று இருக்கக்கூடாது.

வைத்தியர்களாகிய நாம் இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு பிள்ளையோடு நிறுத்திய தாயிடம் காரணம் கேட்டால், அவர் பிள்ளை வேண்டாம் என்று சொல்வதில்லை. "ஆர் பாக்கிறது?" என்றுதான் கேட்கிறார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகவேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்கவேண்டிய அம்மம்மா சூப்பர் விசாவில் கனடாவில் மூத்த மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலைத்தலத்துக்கு அருகில் நம்பிக்கையான பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெண்களுக்கு உபதேசம் சொல்வதில் நியாயமில்லை. எத்தனை பிள்ளை, எப்போது என்பதைத் தீர்மானிக்கும் நிலைக்கு எம்மைக் கொண்டுவந்தது கல்வி. நூறு ஆண்டுகள் பாடுபட்டுப் பெற்றதை ஆசனக் கணக்குக்காக விட்டுக்கொடுக்க முடியாது.

கணக்கின் மறுமுனையில் முதியவர்கள் இருக்கிறார்கள். 2012இல் நாட்டில் நூறு பேரில் எட்டுப் பேர் 65 வயதைத் தாண்டியிருந்தார்கள். 2024இல் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். பிள்ளைகள் வெளியேறிய வடக்கில் இதன் பாரம் தனியானது. கிளினிக்குக்கு வரும் எண்பது வயது அம்மாவிடம், "ஆரோடை வந்தனீங்கள்?" என்று கேட்கிறோம். "ஓட்டோக்காரத் தம்பியோடை" என்கிறார். நீரிழிவு, குருதியமுக்கம், மறதி என்று மூன்று நோய்க்கும் ஏழு மருந்து. எதைக் காலையில் எடுப்பது, எதை இரவில் எடுப்பது என்று வீட்டில் சொல்ல ஆளில்லை. மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்து கவலையோடு விசாரிக்கிறார். காசும் தவறாமல் வருகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் விழுந்தவரைத் தூக்கிவிட ஒரு மனிதர் வேண்டும். எமது இளம் பெண்களோ கெயார் விசாவில் இங்கிலாந்து போய் அந்நாட்டு முதியவர்களைப் பராமரித்தார்கள். 2024 மார்ச்சிலிருந்து அந்த விசாவில் புதிதாகப் போனோர் கணவனையும் பிள்ளைகளையும் கூட்டிச் செல்ல முடியவில்லை. பராமரிப்புக்கு ஓர் எல்லை வரை விலை உண்டு. அதற்கு மேல் அது பிரிவையே விலையாகக் கேட்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கு முழுவதும் ஒரே மாதிரிச் சுருங்கவில்லை. முல்லைத்தீவில் சனத்தொகை வேகமாகக் கூடுகிறது. வன்னியில் வாழ்பவர்களில் பலர், 1958இலும் 1977இலும் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள். எமது தொகை குறைகிறதே என்று கவலைப்படும் பலர், அந்தப் பிள்ளைகளை எமது தொகைக்குள் சேர்ப்பதில்லை. வகுப்பில் இடம் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். வன்னியிலிருந்து வரும் பிள்ளைக்கு எமது விடுதியின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கேள்வி. எண்ணிக்கையைப் பற்றிய எமது கவலை உண்மையானதா என்பதை அந்தக் கதவு காட்டிவிடும்.

சகோதரிகளே, ஒரு பழைய மாணவிகள் சங்கத்தால் குடிசன மதிப்பீட்டை மாற்ற முடியாது. ஆனால் சில காரியங்களைச் செய்யலாம். முதலாவது, தனியே வாழும் எமது பெற்றோரின் இடாப்பு ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் பெற்றோரின் விபரத்தைத் தரட்டும். அதே பகுதியில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். இரண்டாவது, எமது சுற்றுக் கிராமங்களில் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு முதியோர் பராமரிப்பில் பயிற்சியும், மதிப்பான சம்பளமும். வெளிநாட்டுக் காசு மண்டபமாகவும் நுழைவாயிலாகவும் மட்டும் மாறாமல் இப்படியும் மாறட்டும். மூன்றாவது, ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் பிள்ளைகளை விட்டுச் செல்ல ஒரு பராமரிப்பு நிலையம். நான்காவது, வன்னி மாணவிகளுக்கு விடுதிப் புலமைப்பரிசில். இறுதியாக, ஓய்வு பெற்ற சகோதரிகளே, நீங்கள் மூன்று வாரம் வந்து போகிறீர்கள். அதை ஒரு தவணையாக்கிப் பாருங்கள். மலாயா ஓய்வூதியர்கள் திரும்பி வந்ததில் ஊருக்குக் கிடைத்தது காசு மட்டுமல்ல. அவர்கள் பார்த்ததும் படித்ததும் கூடவே வந்தன.

வாசலில் ஒரு மேசையில் படிவங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. பெற்றோரின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், எந்த மருந்துக்கு எந்தக் கிளினிக் என்ற நான்கு விடயங்கள்தான். போகும்போது நிரப்பிவிட்டுப் போங்கள். இவ்வுரையை மலரில் வாசிக்கும் சகோதரிகள் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டின் முதல் இடாப்பு அதுவாக இருக்கட்டும்.