மார்கழி விடுமுறைக்கு இடந்தெரிதல்



ஆண்டிறுதி விடுமுறை அணுகும்போது பாடசாலை அதிபர்களிடம் பெற்றோர் பலர் வினவும் வினா ஒன்றுண்டு. "பிள்ளைகளை இந்த முறை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்பதே அது. வினாவிலே தவறில்லை. ஆயினும் அதிற் பாதிதான் இருக்கின்றது. எங்கே என்று கேட்பவர்கள் எப்பொழுது என்பதையுஞ் சேர்த்துக் கேட்டாலன்றி, அதற்குச் சரியான விடை பகர முடியாது.

பண்டைத் தமிழிலக்கணம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் முதற்பொருள் யாதென்று கூறுமிடத்து, நிலம் ஒன்றை மட்டுங் கூறினாரல்லர். நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்தார். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பெரும்பொழுதுகள். காடாகிய முல்லைக்கு உரியது கார்காலம். இடத்தைப் பருவத்தினின்றும் பிரித்தெடுத்துப் பார்க்கலாகாது என்பது இதனால் விளங்குகின்றது. நாமோ இன்று ஓர் அழகிய படத்தைப் பார்க்கின்றோம். அப்படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று எண்ணாமலே புறப்பட்டுவிடுகின்றோம்.

நமது தீவு சிறியது. வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 435 கிலோமீற்றர் நீளமும், மிக அகன்ற இடத்தில் ஏறக்குறைய 225 கிலோமீற்றர் அகலமுமே உடையது. இத்துணைச் சிறிய தீவிலே, ஒரே நாளில், ஒரு கரையில் வெயிலும் மறுகரையில் அடைமழையுமாக இருத்தல் எங்ஙனம்? நடுவே நிற்கும் மலைத்தொகுதியே இதற்குக் காரணம். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவந்து, மலைகளின் மேற்குச் சாய்விலே மழையாகச் சொரிகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்பொழுது அக்காற்று வறண்டுவிடுகின்றது. மார்கழியிலே நிலைமை தலைகீழாக மாறுகின்றது. ஆசியாக் கண்டத்தின் பெருநிலப்பரப்புக் குளிர்ந்து, அங்கிருந்து புறப்படும் காற்று வங்காள விரிகுடாவின்மேல் வருகையில் நீராவியை ஏற்று, நமது வடக்கையும் கிழக்கையும் மலைகளின் கீழைச் சாய்வையும் நனைக்கின்றது. அப்பொழுது மேற்குக் கரையும் தென்மேற்குக் கரையும் மலையின் மறைவிலே பெரிதும் வெளித்திருக்கின்றன.

இதனைப் புத்தகத்திற் படித்தறியாத நமது கடற்றொழிலாளர் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தனர். தென்மேற் காற்றினால் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரைகளிற் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், அங்குள்ள மீனவர் பலர் முல்லைத்தீவு, திருக்கோணமலை முதலான கீழைக் கரைகளிலே வாடியமைத்துத் தொழில் செய்வர். வாடைக்காற்று எழுமுன்னர் தம்மூர் மீள்வர். அவர்கள் கடலின் அழகைத் தேடிச் செல்பவரல்லர். பிழைப்பைத் தேடிச் செல்பவர். ஆயினும், எக்காலத்தில் எக்கரை என்பதை அவர்களிடமே நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

யாத்திரை செய்வோரும் இவ்வுண்மையை வழக்கமாக்கியிருக்கின்றனர். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு ஏறும் பருவம் மார்கழிப் பூரணையன்று தொடங்கி வைகாசிப் பூரணையோடு முடிவடைகின்றது. தென்மேற் பருவக்காற்று அந்த மலையைத் தாக்காத மாதங்கள் அவையே. வடக்கிலிருந்து கீழைக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார்களோ, ஆடி விழாவை நோக்கி, அக்கரையும் அதனையடுத்த காடுகளும் வறண்டிருக்கும் காலத்திலே நடக்கின்றனர். மேற்கு மலைக்கு ஒரு காலம், கிழக்குக் கரைக்கு மற்றொரு காலம். பக்தியின் வழியிலே காற்றின் கணக்கும் அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

இனி, மார்கழியிலே தெரியத்தக்க இடங்களையும் தவிர்க்கத்தக்க இடங்களையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலிற் கடற்கரை. நெய்தல் நிலத்துக்கு ஆறு பெரும்பொழுதுகளும் உரியன என்பர் இலக்கணகாரர். ஈழத்துக் கடற்கரைக்கோ அவ்விதி பொருந்தாது. நிலாவெளியும் பாசிக்குடாவும் உலகம் புகழும் கரைகள். சித்திரை முதல் புரட்டாதி வரை அங்கே கடல் குளம்போற் கிடக்கும். மார்கழியில் அதே கடல் கலங்கி இரையும். மழை பல நாள் விடாது பெய்யும். ஆண்டு முழுவதும் மிச்சம்பிடித்த பணத்தைச் செலவிட்டு அங்கே செல்லும் ஒரு குடும்பம், மூன்று நாளும் விடுதியறையின் சன்னலோரத்தில் இருந்துவிட்டுத் திரும்புமாயின், குற்றம் திருக்கோணமலையின் மீதன்று. கோணேசர் கோயிலைத் தரிசிக்கவும் உறவினரைக் காணவும் எந்த மாதமும் செல்லலாம். கடலாடுவதே நோக்கமாயின் ஆவணி விடுமுறைவரை பொறுத்திருங்கள்.

மார்கழியிலே கடலை நாடுவோருக்கு உரியது தென்மேற்குக் கரை. இக்கடுவையிலே பவளப் பாறைகளைத் தெளிந்த நீரிற் காணலாம். காலிக் கோட்டையின் மதில்மீது மாலைவேளையில் நடக்கலாம். போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாகக் கட்டியெழுப்பிய அக்கோட்டை 1988 இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. அதற்கப்பால் மிரிஸ்ஸவிலிருந்து, மார்கழி முதல் சித்திரை வரை, நீலத் திமிங்கிலங்களைப் பார்க்கப் படகுகள் செல்கின்றன. உலகின் மிகப் பெரிய விலங்கு நமது கரைக்கு இத்தனை அண்மையில் உலாவுகின்றது என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாற் காண்பது சிறு பேறன்று.

அக்கரைவழியே செல்லும்பொழுது பெரலியாவில் ஒரு கணம் நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, ஞாயிறும் பூரணையும் விடுமுறையும் ஒன்றுகூடிய அந்தக் காலையில், ஆழிப்பேரலை அங்கே ஒரு புகையிரதத்தை மூழ்கடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்கான நினைவுச்சின்னம் அங்கே நிற்கின்றது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், வேடிக்கை பார்க்க நில்லாது உயர்ந்த நிலத்துக்கு ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அதைவிடச் சிறந்த இடமில்லை.

அடுத்தது மலைநாடு. குறிஞ்சிக்கு முன்பனியை உரிமையாக்கிய நம் முன்னோர் நுவரெலியாவைக் கண்டவரல்லர்; ஆயினும் அவர் கூற்று அங்கே முற்றும் பொருந்துகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியசு குறையும். நுவரெலியாவோ ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. சித்திரையிலே வசந்தகால விழாக்களுக்காகத் திரளும் சனக்கூட்டம் மார்கழியில் இராது. மூடுபனியும் இடையிடையே மழையும் உண்டு. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் உறைபனியும் படிவதுண்டு. பார்ப்பவருக்கு அது வெண்பட்டு விரித்தாற்போல இருக்கும். தேயிலைக் கொழுந்துக்கோ அது நெருப்பு. உறைபனி பட்ட கொழுந்து கருகிவிடும். ஆகவே குளிரைக் காணச் செல்பவர் கம்பளியுடைகளை மறவாதிருப்பதோடு, அக்குளிரிலே காலையிற் கூடை சுமந்து மலையேறும் பெண்களையும் நினைத்துக்கொள்ளல் தகும். நாம் இயற்கைக் காட்சி என்று வியக்கும் அந்தப் பச்சைக் கம்பளம் இயற்கை விரித்ததன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்தம் குடும்பங்களின் கைகள் நெய்தது.

ஹோட்டன் சமவெளிக்குச் செல்பவர் விடியுமுன்னே புறப்படவேண்டும். எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாய் இறங்கும் 'உலக முடிவு' என்னும் மலைவிளிம்பு, காலை ஒன்பது பத்து மணிக்குப் பின் பெரும்பாலும் முகிலாற் சூழப்பட்டுவிடும். பத்து மணிக்கு நிதானமாகச் செல்பவர் வெண்புகையைக் கண்டு திரும்புவர். இடத்துக்கு மாதம் மட்டுமன்றி மணியும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான் எல்லாவற்றிலும் மேலாகச் சொல்லும் பயணம், பதுளைக்குச் செல்லும் மலைநாட்டுப் புகையிரதப் பயணமே. 1924 இல் பதுளைவரை சென்றடைந்த அப்பாதை, பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையே ஏறக்குறைய 1,900 மீற்றர் உயரத்தில் ஒரு சுரங்கத்தைக் கடக்கின்றது. சுரங்கத்துக்கு இப்பால் ஒரு வானிலை, அப்பால் மற்றொன்று. தென்மேற் காற்றுக் காலத்தில் இப்பக்கம் மழை, அப்பக்கம் வெயில். வாடைக்காலத்தில் பல நாள்களில் அது மாறியிருக்கும். கரும்பலகையிலே அம்புக்குறியிட்டு நாம் ஒரு தவணை முழுவதும் விளக்கும் பாடத்தை, அச்சுரங்கம் சில நிமிடங்களில் விளக்கிவிடுகின்றது.

ஆயினும் இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். வாடைக்காலத்தில் மழையை ஏற்பது ஊவாவின் பக்கம். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி அப்பொழுது பொங்கிப் பாயும் என்பது உண்மை. அதே மழையில் மலைச்சரிவுகளும் ஊறித் தளரும் என்பதும் உண்மை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையிலே தோட்டத்து லயன்கள் மண்ணிற் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயல் மலைநாடெங்கும் மண்சரிவுகளையும், நாட்டின் பல பாகங்களில் வெள்ளத்தையும் விளைவித்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகையிரதப் பாதைகளும் பல இடங்களிற் சிதைந்தன. ஆகவே மலைநாட்டுக்குப் புறப்படுமுன் மூன்றை விசாரியுங்கள்: வானிலை அறிவித்தல் யாது? மண்சரிவு எச்சரிக்கை உண்டா? பாதை திறந்துள்ளதா? எச்சரிக்கை இருக்குமாயின், விடுதிக்குக் கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும் என்று வீட்டில் இருப்பதே அறிவு. துயருற்ற ஊருக்கு வேடிக்கை பார்க்கச் செல்வதும் பண்பன்று. அவ்வூர் மீண்டெழுந்து விருந்தினரை எதிர்நோக்கும் காலத்திலே சென்று, அங்குள்ளோர் கடையில் வாங்கி, அங்குள்ளோர் விடுதியில் தங்குவது நற்பணியாகும்.

மூன்றாவது, குளங்களின் நாடு. மின்னேரியாவில் நூற்றுக்கணக்கான யானைகள் கூடும் காட்சியைக் கேள்வியுற்று மார்கழியிற் செல்வோர் உளர். அக்கூட்டம் ஆவணி புரட்டாதியில், குளம் வற்றி இளம்புல் தளிர்க்கும்பொழுது கூடுவது. மார்கழியிற் குளம் நிரம்பிவிட, யானைகள் காட்டினுட் பிரிந்துபோகும். அதற்கு மாறாக, பறவைகளுக்கு இதுவே காலம். வடதிசையின் குளிருக்கு அஞ்சிப் புலம்பெயரும் பறவைகள் மன்னாரின் வங்காலைச் சதுப்புநிலத்திலும், தெற்கே பூந்தலையிலும் வந்து தங்குகின்றன. மழை ஓய்ந்த தை மாதத்திலே, ஆழங்குறைந்த நீரில் பூநாரைகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டவர் எளிதில் மறவார்.

ஈற்றில் ஒரு வார்த்தை. மூன்று நாளில் ஏழு இடங்களைப் பார்த்துவிடவேண்டும் என்னும் பேராசையை விடுங்கள். வாகனத்தில் உறங்கி, உணவுச்சாலையில் விழித்து, மீண்டும் வாகனத்தில் உறங்கும் பிள்ளைக்கு எந்த மலையும் நினைவில் நில்லாது. ஓரிடத்தைத் தெரிந்து, அங்கே ஒரு விடியலையும் ஒரு மாலையையும் முழுமையாகக் காணச் செய்யுங்கள். வீட்டிலுள்ள முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் ஏற்ற இடமா என்று பாருங்கள். நெடும்பயணத்துக்கு வசதியில்லாத பெற்றோர் மனங்குன்றவேண்டா. வடக்கிலும் கிழக்கிலும் மார்கழி மழைக்குப் பின்னர், நமது ஊர்க் குளக்கட்டிலே நின்றாற் போதும். நிரம்பிய நீரும், நீர்க்காகமும், கட்டுக்குக் கீழே அலையெறியும் பச்சை வயலும் காசு கேட்பதில்லை.

இவ்விடுமுறைக்கு இடத்தைத் தெரியும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துப் பாருங்கள். தேசப்படத்தை விரித்து, காற்று எத்திசையிலிருந்து வருகின்றது, மலை எங்கே நிற்கின்றது, மழை எங்கே விழும் என்று அவர்களே கூறட்டும். அதன்பின் புறப்படுங்கள். அப்பயணம் வீட்டு மேசையிலேயே தொடங்கிவிடும்.