அறபுக் கரையில் ஒரு தமிழ்ப் பெயர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எங்கள் இருவரில் ஒருவர் வெள்ளவத்தை, மற்றவர் கொட்டாஞ்சேனை. ஓமான் தேசத்தின் தெற்கிலுள்ள சலாலா நகரில் ஒரே கம்பனியில் கணக்கெழுதி வருகிறோம். விடுமுறையில் வந்த எங்களிடம், அந்நாட்டுச் சீவியத்தைப் பற்றிச் சிறிது சொல்லும்படி செயலாளர் கேட்டார். இருவர் சார்பிலும் பேசுகிறோம்.

நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. மகன் லண்டனில், கனடாவில் என்றால் காலி வீதியில் நின்று உரத்துச் சொல்வார்கள். அறபு நாட்டில் என்றால் குரல் தணிந்துவிடும். அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது, என்றோ ஒருநாள் பெட்டியைக் கட்டத்தான் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தணிந்த குரல் பிழைக்கப் போனவன் காதிலும் விழுகிறது. கேட்டுக் கேட்டுத் தன்னையே மட்டமாக எண்ணத் தொடங்குகிறான்.

முதலாண்டு கடினமாகவே கழிந்தது. கொழும்பில் முகவர் ஒருவர் வாயால் சொன்ன சம்பளம் ஒன்று. அங்கே கையொப்பத்துக்கு நீட்டிய தாளில் இருந்தது இன்னொன்று. அறையில் ஆறுபேர்: மலையாளிகள், வங்காளிகள், நாங்கள். சமையல் பொதுவாயிற்று, எந்த அரிசி என்பதில் மட்டும் இன்றுவரை ஒற்றுமை இல்லை. செட்டியார் தெரு வேல் தேர் காலி வீதிக்கு வரும் ஆடி மாதத்தில், அங்கே 'கரீப்' என்னும் தூறல் காலம். வளைகுடாவெங்கும் வெயில் கொளுத்த, சலாலா மலைகள் மட்டும் நுவரெலியாவைப் போல் மூடுபனியில் பசுமையாய் நிற்கும். நமக்கு மழைதரும் அதே தென்மேல் பருவக்காற்றுத்தான் அது. சிவராத்திரிக்கு மஸ்கற் சிவன் கோயிலுக்குப் போவதென்றால் ஆயிரம் கிலோமீற்றர் பயணம்.

ஒரு வெள்ளிக்கிழமை, நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தூரத்திலுள்ள கோர் ரோரிக்குப் போனோம். கடலை மணல்மேடு தடுத்த ஒரு களப்பு, அதன்மேல் ஒரு குன்று, குன்றில் கல்மதில்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவில் தோன்றி, கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் கைவிடப்பட்ட சும்ஹுரம் என்னும் துறைமுகப் பட்டினம் அது. 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. வாயிலில் பழைய தென்னறபு எழுத்தில் சாசனங்கள் இருக்கின்றன. ஹத்ரமௌத் அரசனின் ஆணைப்படி, ஷப்வா நகரத்து மக்கள் வந்து குடியேறிய செய்தி அவற்றில் உண்டு. ஊரைக் கட்டியவர்களே வந்தேறிகள்!

அந்தத் துறையின் செல்வம் குந்துருக்கம். அறபுக்காரர் 'லுபான்' என்பார்கள். மரத்தைக் கீறினால் பால்போல் வடிந்து இறுகும் பிசின் அது. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' நூல் இத்துறையை மொஸ்கா என்று கூறுகிறது என்பதே அறிஞர் பலரின் கருத்து. தமிழகத்தின் மேற்குக் கரையிலிருந்து திரும்பும் மரக்கலங்கள், காலம் பிந்திவிட்டால் அங்கேயே தங்கி, துணியும் தானியமும் எண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் ஏற்றுமாம். அரசன் அனுமதியின்றி ஒரு துண்டுகூட ஏற்றக்கூடாதாம். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வேலை மாறப் பழைய முதலாளியின் ஆட்சேபமின்மைக் கடிதம் வேண்டும் என்ற விதி, ஒப்பந்தம் முடித்தவர்களுக்கு 2021 ஜனவரி முதலாம் திகதிதான் ஓமானில் நீங்கியது.

இனி முக்கியமான செய்தி. 2006ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது, மூடியாகப் பயன்பட்ட ஓர் ஓட்டுத்துண்டு கிடைத்தது. அதில் ஏதோ எழுத்து. 2012இல் கொச்சியில் நடந்த ஆய்வரங்கில் அது காட்டப்பட்டபோதுதான், தமிழ்ப் பிராமி என்று நம் அறிஞர்கள் கண்டார்கள். 'ணந்தை கீரன்' என்று வாசித்தார்கள். முன்பகுதி மூத்தவருக்குரிய மரியாதைச் சொல். கீரன் ஆளின் பெயர். நக்கீரர் பெயரை அறியாத சைவப் பிள்ளை உண்டா? காலம் கி.பி. 1ஆம் நூற்றாண்டு. எகிப்திலே செங்கடல் துறையான குசேர் அல்-காதிமிலும் இவ்வாறே கணன், சாதன் என்ற பெயர்கள் ஓடுகளில் கிடைத்திருக்கின்றன.

கீரன் வணிகனோ, மாலுமியோ, எங்களைப்போல் இன்னொருவருக்குக் கணக்கெழுதியவனோ, ஓடு சொல்லவில்லை. எந்த ஊர் என்பதும் அதில் இல்லை. அவன் அரசனுமல்லன், புலவனுமல்லன். ஒரு மூடியில் தன் பெயரைத் தன் எழுத்தில் இருக்கச் செய்தான். இல்லையேல் அப்படி ஒருவன் இருந்ததே நமக்குத் தெரியாது. அந்த மதிலருகே நின்றபோது, காலி வீதியின் தணிந்த குரல் எங்களுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

போக இருக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறவேண்டாம். ஒப்பந்தத்தை இங்கேயே எழுத்தில் வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் அறபு படியுங்கள், எண்களையாவது படியுங்கள்.

சங்கத்தாரிடமும் ஒரு விண்ணப்பம். மலரின் கடைசிப் பக்கங்களில் வெளிநாட்டிலுள்ள அங்கத்தவர் பெயர்கள் ஆண்டுதோறும் வருகின்றன. லண்டன் இருக்கிறது, ரொறன்ரோ இருக்கிறது, மெல்பேண் இருக்கிறது. மஸ்கற், டோகா, சலாலா இல்லை. நாங்கள் அறிந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தருகிறோம்.