ஊசி பிடித்த புலவர்கள்



தையல் என்றால் ஊசிவேலை. தையல் என்றால் பெண். நூல் என்றால் இழை. நூல் என்றால் புத்தகம். சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, நூற்கிற பெண்தான் புலவன் என்று நன்னூலில் உவமை சொன்னார் பவணந்தியார். தட்டுங்கள், கைதட்டல் அவருக்கு!

அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிறுமிகள் அந்தச் சொல் நூற்கிற வேலையை ஊசியாலேயே செய்தார்கள். சாம்ப்ளர் என்று பெயர். ஒரு துண்டு லினன் துணி. மேலே எழுத்து வரிசை, எண்கள். நடுவில் ஆதாம், ஏவாள், மரத்தில் பாம்பு. ஒரு வேத வசனம். அடியில் பெயர், வயது, வருஷம். எழுத்து எதற்கு? நாளைக்கு வேலைக்குப் போகிற வீட்டில் துணிக்குக் குறி போட. வசனம் எதற்கு? பெண் அடங்கி வளர!

ஆனாலும் தன் பெயரைப் போட்டாளே! இங்கே அடுத்தவன் எழுதியதில் தன் பெயரைப் போடுகிறவர் ஒருவர்... யாரென்று நான் சொல்லவில்லை, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? "ஊசிவேலையில் ஏதய்யா இலக்கியம்" என்று கேட்டவரும் அவர்தான். ஐயா, 1829இல் பத்து வயசு எமிலி பிராண்ட்டே வசனம் தைத்து முடித்தாள். அதே கைதான் 1847இல் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைத் தந்தது. போதுமா?

எங்கள் பள்ளியில் ஒரு தையல் டீச்சர். ஆண்டுவிழா மேடைக்குத் திரை தைத்தது அவர். மேடையில் நாற்காலி மட்டும் அவருக்கு இல்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எலிசபெத் பார்க்கர். சசெக்ஸ் ஏழைப் பெண். வேலைக்குப் போன வீட்டில் கொடுமை. 1830 வாக்கில், எழுதத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சிவப்பு நூலில் தன் கதையைத் தைத்தாள். பூவில்லை, பாம்பில்லை. சாகத் துணிந்த பாவத்தைக் கடவுளிடம் சொல்லி அழுதாள். என் ஆத்துமா என்னவாகும் என்று கேட்ட இடத்தில் தையல் நிற்கிறது. பாக்கித் துணி வெறுமை. அந்தத் துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

செத்தாளா? இல்லையம்மா! பள்ளிக்கூட டீச்சரானாள்! எழுபது வயது தாண்டி வாழ்ந்தாள்!

என் டீச்சரே, கேட்டீர்களா?

தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி தைத்த துணி ஒன்று கிடக்கும். கரித்துணி ஆக்காதீர்கள். அதன் ஓரத்தில் அவள் பெயரைத் தைத்து வையுங்கள்.