மூச்சும் கங்காணி கணக்கில்



எனக்கு முன்னால் பேசிய தம்பி நம்மையெல்லாம் செவ்வாயில் குடியமர்த்திவிட்டுத்தான் மைக்கை விட்டார். நல்ல பேச்சு. செவ்வாய் என்றால் எனக்கும் பெருமைதான். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் அதன் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் நெல்லைச் சீமைக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். ஆனால் கருவியை அனுப்புவது வேறு, குடித்தனத்தை அனுப்புவது வேறு. குடித்தனத்துக்கு முதலில் மூச்சு வேண்டும்.

மூடிய இடத்தில் அந்த மூச்சு என்ன பாடுபடும் என்பதைப் பூமியிலேயே பார்த்துவிட்டோம். அமெரிக்காவின் அரிசோனாவில் மூன்று ஏக்கருக்குக் கண்ணாடிக் கூடாரம் போட்டு, உள்ளே காடு, வயல், குட்டிக் கடல் எல்லாம் வைத்தார்கள். பயோஸ்பியர் 2 என்று பெயர். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். கதவை அடைத்தாயிற்று. இரண்டு வருஷம் வெளிக்காற்று கிடையாது என்பது ஏற்பாடு. என்ன ஆயிற்று? 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் 16 மாதத்தில் 14 சதவீதத்துக்கு இறங்கியது. படி ஏறினால் மூச்சிரைத்தது. காரணம் தேடினால், வளமான மண்! அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. செடிக்குப் போகவேண்டிய அந்த வாயுவைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் செத்தன, எறும்புதான் பெருகியது. எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்தார்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் 1993 ஜனவரியில் ஆக்சிஜனை வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றினார்கள். பக்கத்திலேயே பூமி இருந்தது, பிழைத்தார்கள்.

செவ்வாய்க்கு உதவி புறப்படவோ 26 மாதத்துக்கு ஒருமுறைதான் தோது. போய்ச்சேர அரை வருஷத்துக்கு மேல் ஆகும். அங்கேயே ஆக்சிஜன் தயாரிக்கலாமே என்பீர்கள். தயாரித்தார்கள். பெர்செவரன்ஸ் ஊர்தியிலிருந்த மோக்ஸி கருவி 2021 முதல் 2023 வரை 16 தடவை ஓடியது. மொத்தம் எடுத்தது 122 கிராம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கே 800 கிராமுக்கு மேல் வேண்டும். சின்ன சோதனைக் கருவிதான், குறை சொல்லவில்லை. நாளைக்குப் பெரிதாகக் கட்டுவார்கள்.

கட்டட்டும். அது யாருடைய கையில் இருக்கும்? என் பயமே அதுதான். எந்த நாடும் எந்தக் கோளையும் சொந்தம் கொண்டாட முடியாது என்கிறது 1967 விண்வெளி உடன்படிக்கை. சரி, இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் உண்டே! நம் முன்னோர் இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் போனார்கள். குடியிருந்த லயம் தோட்டத் துரையுடையது, சாப்பிட்ட அரிசி ஆள் கூட்டிப்போன கங்காணி கணக்கில். கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அப்படியும் இருட்டில் காட்டு வழியாக ஓடினவர்கள் உண்டு. செவ்வாயில் மூச்சே கங்காணி கணக்கில் வரும், ஐயா. கூலி போதவில்லை என்று எவன் கொடி பிடிப்பான்? கதவைத் திறந்து எங்கே ஓடுவான்? வெளியே காற்றழுத்தம் இங்கே உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பெரியவர்கள் விரும்பிப் போகலாம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அங்கே பிறக்கிற பிள்ளை? ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான். அதில் வளர்ந்த எலும்போடு பூமிக்கு வந்து அது நிமிர்ந்து நிற்குமா என்று இன்றைக்கு எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் உரிமையை யாருக்குக் கொடுக்கப்போகிறோம்?