அணுவும் வேலியும்



ஹேவாஹெட்ட மலைச்சரிவில் வாழும் நமக்கு மின்சாரமென்றால் மழையும் அணைக்கட்டுமே நினைவுக்கு வரும். மழை பொய்த்தால் மின்வெட்டு வரும். ஆகையால் இலங்கைக்கும் அணுமின் நிலையம் வேண்டுமென்ற பேச்சு எழுவதில் வியப்பில்லை. ஆயினும் விளக்கேற்றும் அணுவே ஊரையும் எரிக்க வல்லது. வரம் தந்த சிவபெருமானையே துரத்திய பஸ்மாசுரன் கதையைப் பெரியோர் அறிவீர்கள். இவ்வரத்துக்கு வேலி எது?

இயற்கை யுரேனியத்தில் எளிதிற் பிளவுறும் வகை நூற்றுக்கு 0.7 பங்கே உண்டு. பெரும்பாலான மின்உலைகளுக்கு அதனை 3 முதல் 5 பங்குவரை செறிவாக்குவர். குண்டுக்கோ ஏறக்குறைய 90 பங்கு வேண்டும். செறிவாக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. உலையில் எரிந்த யுரேனியத்திலிருந்து புளுட்டோனியம் என்னும் குண்டுப் பொருளையும் பிரித்தெடுக்கலாம்.

இது வெறும் ஐயமன்று. 1960-ல் பம்பாய்க்கு அருகே திராம்பேயில் கனடா உதவிய ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கிற்று. அமெரிக்கா கனநீர் தந்தது. சமாதான காரியங்களுக்கே என்பது அன்றைய உறுதி. 1974 மே 18-ல் பொக்ரானில் நிகழ்ந்த வெடிப்புக்கு அவ்வுலையின் புளுட்டோனியமே பயன்பட்டது. அதனைச் சமாதான வெடிப்பென்றே பாரதம் கூறிற்று. கனடா உதவியை நிறுத்திற்று. 1998-ல் பாரதமும் பாகிஸ்தானும் குண்டுகளைச் சோதித்தன.

உலகம் கட்டிய வேலி, 1970-ல் அமுலுக்கு வந்த அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். பாரதமும் பாகிஸ்தானும் அதில் ஒப்பமிடவில்லை. அதன்படி ஆயுதமில்லா நாடுகள் ஆயுதம் தேடாது பரிசோதனைக்கு உடன்படும். ஆயுதமுள்ள ஐந்து நாடுகள் அவற்றைக் கைவிட நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்தும். 1995-ல் நியூயோர்க்கில் இவ்வொப்பந்தத்தைக் காலவரையறையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், கண்டி திரினிட்டிக் கல்லூரியின் பழைய மாணவரான ஜயந்த தனபால. மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இது பெருமையே. ஆனால் ஐவரும் இன்னும் குண்டுகளைக் கைவிடவில்லை. ஒரு பக்கம் மட்டும் காக்கும் வேலி நெடுநாள் நில்லாது.

ஆகவே எமது துணிபு யாதெனில்: அணு மின்சாரத்துக்கு அஞ்சி ஓடவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. அது இந்நாட்டுக்கு வருமாயின், மூன்று கேள்விகளை நாம் கேட்டே ஆகவேண்டும். எரிபொருளைச் செறிவாக்குவது யார்? எரிந்தது எங்கே போகும்? பரிசோதகருக்குக் கதவு திறந்திருக்குமா? 2023-ல் இலங்கை அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்து, அணுஆயுதத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. சிறு நாட்டின் குரலும் சபையில் ஏறும். அக்குரலுக்கு அறிவு சேர்ப்பது வாலிபரின் கடன். வழிகாட்டுவது பெரியோரின் கடன்.