அடுக்களையில் ஒளித்த ஏடு



இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நம்மை ஆண்டு விழாவிலே பேச அழைத்தது செயலாளரின் அன்பு. பொறுத்துக் கேட்பது உங்கள் கடன்.

சில ஆண்டுகளுக்கு முன், காலஞ்சென்ற ஊழியர் ஒருவரின் மனைவியார் பாக்கித் தொகை பெற வந்திருந்தார். முக்காடிட்ட மூதாட்டி. நாம் யாதொன்றும் வினவாமல் கைநாட்டு மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினோம். அவரோ பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை வங்காளத்தில் எழுதினார். அன்று உண்டான நாணம் இன்னும் தீர்ந்தபாடில்லை. பின்னர் ராஸசுந்தரி தேவியின் தன்வரலாற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில், அகராதித் துணைகொண்டு படித்தபோது அம்மூதாட்டியின் விரல்களே கண்முன் நின்றன.

ராஸசுந்தரி, இன்று வங்கதேசத்திலுள்ள பப்னாப் பகுதியில் 1809ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். 12 வயதில் மணம். மக்கள் 12 பேர். அவர் காலத்து நிகழ்ச்சிகளாக நம் பள்ளிப் புத்தகம் கூறுவன எவை? 1829இல் உடன்கட்டைக்குத் தடை. 1835இல் மெக்காலேயின் கல்விக் குறிப்பு. 1849இல் கல்கத்தாவில் பெத்யூன் பெண்கள் பள்ளி. 1854இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு இரயில். (நம்மவர்க்கு இதுவே தலையாயது!) இவற்றுள் எதுவும் அவருடைய அடுக்களை வாயிலைத் தட்டவில்லை. கணவரின் குதிரை முற்றத்து நெல்லைத் தின்றபோதுகூட, எசமானரின் குதிரை முன் எவ்வாறு நிற்பது என்று உள்ளே ஒளிந்தவர் அவர். சிரிக்க வேண்டா, பிற்காலத்தில் அவரே அதை எண்ணி நாணியிருக்கிறார்.

பெண் படித்தால் கைம்மை வரும் என்று நம்பிய காலம் அது. ஆயினும் சைதன்ய பாகவதத்தைத் தாமே படிக்கவேண்டும் என்னும் வேட்கை அவரை விடவில்லை. அந்நூலிலிருந்து ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் மறைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சமைக்கும்போது இடக்கையில் ஏடு, முக்காட்டுக்குள் பார்வை. ஏட்டின் எழுத்தை ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டு, சிறுவயதில் பிறந்தகத்துப் பள்ளியிலே பையன்கள் ஓதக்கேட்ட ஒலிகளோடு பொருத்தி, ஏறத்தாழ 25 வயதில் வாசிக்கக் கற்றார். வித்யாசாகரரின் அரிச்சுவடியான 'வர்ணபரிச்சய்' 1855இல்தான் வந்தது. அதற்கு இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தன!

எழுதுவது வேறு. வாசிப்பை மறைக்கலாம், எழுத்துக்கோ தாளும் மையும் பேனாவும் உட்கார இடமும் வேண்டுமல்லவா? தம் கடிதங்களுக்கு அன்னை மறுமொழி எழுதுவதில்லையே என்று குறைப்பட்ட மகன் ஒருவர் அவற்றை வாங்கித் தந்தார். அப்போது நடுவயது கடந்துவிட்டது. 1876இல் 'ஆமார் ஜீபன்' அச்சேறியது. வங்க மொழியின் முதல் தன்வரலாறு என அதனை அறிஞர் போற்றுவர். 1897இல், தம் 88ஆம் வயதில், அம்மையார் அதனை விரிவாக்கி மீண்டும் வெளியிட்டார்.

அந்நூலின் வங்கப் பதிப்பைச் சங்க நூலகத்திற்கு வாங்குமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். நமது வங்காளம் இரயில் நிலையப் பலகைகளோடு நின்றுவிட்டது. நம் இல்லாளோ நாள்தோறும் வங்காளச் செய்தித்தாளே படிக்கிறாள். நூல் வந்ததும் முதலில் அவள் பெயருக்கே பதிந்து வைக்க வேண்டும்.