வேலை மாற்றம்



நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், எள்ளலையே முதலில் வைத்தார். எள்ளல் என்றதும் யார், யாரை எள்ளுகின்றார் என்ற கேள்வி எழுகின்றது. இன்று அக்கேள்வியோடு ஒரு பழைய தொலைக்காட்சி நகைச்சுவை நாடகத்தை நோக்க விழைகின்றேன்.

அமெரிக்காவில் 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான குடும்ப நாடகம் ‘ஐ லவ் லூஸி’. அதன் நாயகி லூஸில் போல் அதற்கு முன்னர் வானொலியில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரில் நடித்தவர். வானொலி நேயர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. நான் எடுத்துக்கொள்வது, 1952 செப்டெம்பர் 15இல் வெளியான ‘வேலை மாற்றம்’ என்ற அங்கம்.

வங்கியில் பணமில்லாமலே லூஸி காசோலை எழுதிவிடுகின்றாள். கணவன் ரிக்கி சீறுகின்றான். வெளியே உழைப்பது கடினமா, வீட்டைப் பார்ப்பது கடினமா என்று வாக்குவாதம் முற்றுகின்றது. அயல்வீட்டுத் தம்பதியரும் சேர்ந்துகொள்ள, ஒரு வாரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்கின்றனர். ஆண்கள் சமையலறைக்குள் நுழைகின்றனர். ஆளுக்கு ஓர் இறாத்தல் வீதம் ரிக்கி அரிசி போடுகின்றான்! சோறு பொங்கி, அடுப்பை மூடி வழிகின்றது. நம் வீட்டுச் சிறுமியும் செய்யாத பிழை.

பெண்களோ சொக்லேட் தொழிற்சாலைக்குப் போகின்றனர். ஓடும் பட்டியில் வரும் இனிப்புகளைக் கடதாசியில் சுற்றவேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். பட்டி வேகமெடுக்க, லூஸியும் எதெலும் சுற்ற முடியாதவற்றை வாயில் திணிக்கின்றனர். தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் ஒளிக்கின்றனர். மேற்பார்வைக்காரி வருகின்றாள். பட்டியில் எதுவும் எஞ்சவில்லை. மெச்சிவிட்டு, இன்னும் வேகமாக ஓட்டும்படி உள்ளே குரல்கொடுக்கின்றாள்.

இவ்விடத்தில்தான் உலகம் சிரித்தது. ஹாலிஎல, பசறை, நமுனுகுல மலைகளில் கொழுந்தெடுப்பவர்களின் பிள்ளைகள் இருந்த என் வகுப்பில் இதைக் காட்டியபோது, அவர்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அந்தப் பொம்பளைகளுக்கு அன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?”

வகுப்பு அடங்கிவிட்டது. தோட்டத்தில் நிறுவை குறைந்தால் அரைப்பேர். கொழுந்து மலிந்த காலத்தில் எடுக்கவேண்டிய கிலோவும் ஏறும். கூடை நிறைவது உழைப்புக்கு முடிவன்று, அடுத்த கூடைக்குத் தொடக்கம் என்பதை அவள் தாயிடமிருந்து அறிந்திருக்கின்றாள். எனவே அக்காட்சியில் எள்ளப்படுவது கைதவறும் பெண்ணல்ல. வெறும் பட்டியைக் கண்டு, அதன் பின்னுள்ள பாட்டைக் காணாத மேற்பார்வையே. 70 ஆண்டு கடந்தும் அது பழசாகாமைக்குக் காரணம் இதுவே.

ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. இறுதியில் ஆண்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு மனைவியருக்குப் பரிசளிக்கின்றனர், பரிசும் சொக்லேட்டே! பின்னர் அவரவர் பழைய இடத்துக்கே திரும்புகின்றனர். வீடு, வெளி என்று உழைப்பு இரண்டாகப் பிரிந்திருந்தால்தான் இத்தகைய மாற்றம் சாத்தியம். எங்கள் லயத்துப் பெண் விடியுமுன் ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறுகின்றாள். மாலையில் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துவிட்டு, விறகோடு வந்து அடுப்பு மூட்டுகின்றாள். 1984இல் தோட்டத்து ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. நேரம் சமமாகவில்லை. அவளோடு வேலையை மாற்றிக்கொள்பவன் இரண்டையும் அல்லவா ஏற்கவேண்டும்!

அப்படியொரு நாடகத்தை நம்மவர் எழுதவேண்டும். நகைச்சுவையாகவே எழுதட்டும். நம் பெண்களுக்குச் சிரிக்கத் தெரியும். அரிசி எவ்வளவு போடுவதென்று தெரியாத கணவன்மாருக்கும் மலையகத்தில் பஞ்சமில்லை.